சீனக் கூரையும் மக்கத்துத் திசையும்

ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்பானத்தை உலகிற்கு அளித்த நாடு சீனம் என்பதை இம்மலைநாட்டார் நன்கறிவர். அந்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாகப் பள்ளிவாசல்களும் உண்டென்பதை அறிந்தவர் சிலரே.

தாங் அரசர் காலத்தில் அரபு, பாரசீக வணிகர் சீனத்தில் குடியேறினர். நாளடைவில் அவர்தம் வழித்தோன்றல்கள் சீனமொழி பேசும் ஹுவே முஸ்லிம்கள் ஆயினர். அவர்கள் தொழுகைக்கு இடம் அமைத்தபோது, கட்டியவர் ஊர்த் தச்சரே. ஆகவே அங்கே குவிமாடம் இல்லை. மரத்தூண்களும், அவற்றின்மேல் அடுக்கடுக்கான போதிகைகளும், நுனி வளைந்த ஓட்டுக்கூரையும் உண்டு. மண்டபம் ஆழமாக வேண்டுமெனில், கூரைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பர். மினாராவுக்குப் பதிலாகப் பல நிலை மரமாடம் நிற்கும். உள்ளே உயிருருவங்கள் இரா. பூக்கொடிகளும் குர்ஆன் வசனங்களுமே அணிசெய்யும்.

எனினும் ஒன்றில் மட்டும் தச்சர் தம் மரபை விட்டனர். சீன அரண்மனையும் கோயிலும் தெற்கு நோக்குவது வழக்கம். பள்ளிவாசலோ கிழக்கில் வாயிலும் மேற்கில் மிஹ்ராபும் கொண்டது. மக்கா சீனத்திற்கு மேற்கே உள்ளதன்றோ! 1392இல் மிங் அரசர் காலத்தில் எழுந்த சியான் நகரப் பெரிய பள்ளிவாசலில், முற்றம் முற்றமாக நடப்பவர் மக்காவை நோக்கியே நடக்கிறார். கண்டிப் பகுதியில் தொழுவோர் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பி நிற்பதும் அதே விதியால்தான். தமிழகத்துக் கீழக்கரையிலும் பழைய பள்ளிவாசல் கோயில் மண்டபம்போன்ற கற்றூண்களோடு விளங்குகிறது. திசை மார்க்கம் தந்தது. உருவம் மண் தந்தது.

1980களுக்குப் பின் சீனக் கிராமங்கள் பலவற்றில், மக்கள் தம் விருப்பப்படி அரபுப் பாணிக் குவிமாடங்களை எழுப்பினர். அண்மைக் காலத்தில் அரசு அவற்றை அகற்றி வருகிறது. 2018இல் நிங்சியா மாநிலத்து வெய்சோ ஊர்ப் பள்ளிவாசலை இடிக்க ஆணை வந்தபோது, மக்கள் திரண்டு எதிர்த்தனர். கட்டடம் தப்பியது, குவிமாடங்கள் தப்பவில்லை. அவை இருந்த இடத்தில் சீனப் பாணிக் கூரைகள் அமைந்தன.

பழைய பள்ளிவாசல்களின் வளைந்த கூரை, அண்டை வீட்டுத் தச்சனும் தொழுகையாளரும் கலந்து கண்ட உருவம். புதிய கூரையும் அதைப்போலவே வளைந்திருக்கலாம். ஆனால் அது ஆணையால் வந்தது. ஒரு கட்டடத்தை அறிய விரும்புவோர், அதன் வடிவத்தோடு, அவ்வடிவத்தைத் தேர்ந்தவர் யார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.