வீட்டுச் சமையல் குறிப்புகளைத் தொகுப்பது எப்படி?

பெரும்பாலான வீடுகளில் சமையல் குறிப்புகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதிரசம் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். சாம்பார்ப்பொடி மளிகைச் சீட்டின் பின்பக்கம். மீன் குழம்பைச் சித்தி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருப்பார். வத்தக்குழம்பு அம்மாவின் கையில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கடைசி வகையைத்தான் முதலில் எழுத வேண்டும். தாள்கள் காத்திருக்கும்; மனிதர்களுக்கு வயதாகிறது.

கையில் இருக்கும் தாள்களை ஒருமுறை மொத்தமாகக் கொட்டி இரண்டாகப் பிரியுங்கள். வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவை ஒரு பக்கம்; எப்போதாவது செய்யலாம் என்று பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்தவை மறுபக்கம். இரண்டாவது குவியலை ஓர் உறைக்குள் போட்டுவிடுங்கள். அதிலிருந்து எதையாவது செய்து, வீட்டார் மறுபடி கேட்டால் மட்டும் அது தொகுப்புக்குள் வரட்டும்.

அடுத்தது அளவு. இங்கேதான் பொறுமை வேண்டும். பழைய குறிப்புகளில் பலம், வீசை, ஆழாக்கு, படி என்று இருக்கும். ஒரு பலம் சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ. எடையில் குழப்பமில்லை. முகத்தலளவையில் உண்டு: எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பொதுக்கணக்கு என்றாலும், படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதனால் அட்டவணையை நம்பாமல், அந்தக் குறிப்பை எழுதியவர் புழங்கிய பாத்திரத்தையே தேடி எடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மட்டும் எடை போடுங்கள். எத்தனை கிராமோ, பாத்திரத்தின் கொள்ளளவு அத்தனை மில்லிலிட்டர்.

கண்ணளவாகச் சமைப்பவரிடம் “எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்டுப் பயனில்லை. “கொஞ்சம்தான்” என்பார். நடுவில் நிறுத்தி அளக்கச் சொன்னால் கை தடுமாறிவிடும். அவர் பாட்டுக்குச் சமைக்கட்டும். மிளகாய்த்தூள் டப்பாவையும் உப்பு ஜாடியையும் சமையலுக்கு முன்பு ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். குறைந்த எடைதான் அவர் போட்ட அளவு. எலுமிச்சையளவு புளி என்றால், அவர் உருட்டிய உருண்டையைக் கரைக்கும் முன் வாங்கி எடை பாருங்கள். ஒவ்வொருவர் எலுமிச்சையும் ஒவ்வொரு அளவு.

எடையோடு பொருளின் வகையையும் எழுதுங்கள். கல்லுப்பா, பொடியுப்பா? ஒரே கரண்டியில் பொடியுப்பு கூடுதலாகப் பிடிக்கும். நீட்டு மிளகாயா, குண்டு மிளகாயா? இட்லிக்கு எந்த அரிசி, உளுந்து புதியதா? இவற்றை விட்டுவிட்டு, செய்முறை சரியாக இருந்தும் ருசி வரவில்லை என்று வருந்துகிறவர்கள் அதிகம்.

தராசு பிடிக்காத ஒன்று உண்டு: பதம். அதிரசப் பாகை ‘உருட்டுப் பதம்’ என்று மட்டும் எழுதினால் புதிதாகச் செய்பவருக்குப் புரியாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். முற்றிவிட்டால் அதிரசம் கடினமாகும், இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும் என்று சோதனையையும் தவறினால் வரும் விளைவையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கட்டத்தைப் பாட்டி செய்துகாட்டும்போது செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். 1951-ல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றும் வீடுகளில் புழங்குவதற்குக் காரணம், வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எதையும் அவர் விட்டுவிடாததுதான் என்பேன்.

அடுக்குவது எளிது. அகரவரிசை வீட்டுக்கு உதவாது. எப்போது தேவைப்படுகிறதோ அதன்படி பிரிப்பதே நல்லது. அன்றாடக் குழம்பு, பொரியல் ஒரு பகுதி. வருடத்துக்குச் சிலமுறை மட்டும் செய்யும் பொடி, ஊறுகாய், வடாம் தனியாக. மாவடு, வத்தலுக்கு மாதத்தையும் குறித்துவிடுங்கள், கோடை தவறினால் அடுத்த வருடம்தான். பண்டிகைப் பலகாரம் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம், தெவசச் சமையல் ஆகியவற்றுக்குக் கட்டாயம் தனிப் பகுதி வேண்டும். அவை தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

தைத்த நோட்டைவிட, பிளாஸ்டிக் உறைகள் கொண்ட ஃபைல் மேல். நடுவில் தாள் சேர்க்கலாம், எண்ணெய்க் கை பட்டாலும் துடைத்துவிடலாம். ஒரு தாளுக்கு ஒரு பண்டம். தலைப்பின் கீழே யார் சொன்னது, எத்தனை பேருக்கு, கடைசியாக எப்போது செய்தது என்று மூன்று வரி. ஈரம் பட்டால் ஜெல் பேனா மை கரையும், பால்பாயிண்ட் போதும்.

பாட்டி கைப்பட எழுதிய தாள்களைப் படம் எடுத்து, குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிவையுங்கள். ஒரே செல்போனை நம்ப வேண்டாம். அந்தத் தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. நகலைச் சமையலறையில் வைத்துக்கொண்டு, மூலத்தை உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். அளவை மாற்றிச் செய்து நன்றாக வந்தால், நகலின் ஓரத்தில் பென்சிலால் தேதியோடு குறியுங்கள். பழைய அளவை அடிக்க வேண்டாம்.