தரை ஓட்டின் தாகம்

வீடு கட்டுகிறவர்கள் டைல் கடைக்குப் போனால் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து, சதுர அடி என்ன விலை என்று கேட்டு, அத்துடன் தேர்வு முடிந்துவிட்டதாக எண்ணித் திரும்புவதே வழக்கமாயிருக்கிறது. ஆனால் ஓர் ஓடு எந்த ஸ்தலத்தில் பதிக்கத் தகுந்தது, எதைக்கொண்டு ஒட்டினால் நிற்கும் என்னும் கேள்விகளுக்கெல்லாம் ஆதாரமாயிருப்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு குணம். அந்த ஓட்டின் உடல் எவ்வளவு ஜலத்தைக் குடிக்கும் என்பதே அது.

இந்தக் குணம் உண்டாவது சூளையில். குஜராத்தில் மச்சு நதிக்கரையில் உள்ள மோர்பி நகரம், ஒரு காலத்தில் கூரை ஓடுகள் செய்துவந்த ஊர், இன்று இந்தியாவின் டைல்களில் பெரும்பகுதியை உற்பத்தி செய்கிறது. அங்கே களிமண்ணும், வெண்களிமண்ணும், ஃபெல்ட்ஸ்பார் என்னும் கல்லும், நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸும் தண்ணீருடன் பெரிய உருளைகளில் கூழாக அரைக்கப்பட்டு, அந்தக் கூழ் உஷ்ணக் காற்றில் தூவப்பட்டு நுண்மணிகளாக உலர்ந்து, மணிகள் அழுத்த இயந்திரத்தில் தகடாகி, மேலே மெருகுப்பூச்சும் சித்திரமும் ஏறி, உருளைகளின்மீது நகர்ந்தபடியே நீண்ட சூளைக்குள் பிரவேசிக்கின்றன. களிமண் உருவத்தைத் தருகிறது. வெங்கச்சங்கல் எலும்பாக நிற்கிறது. ஃபெல்ட்ஸ்பாரோ வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகி, மண்துகள்களுக்கு இடையேயுள்ள துவாரங்களையெல்லாம் அடைக்கிறது. ஏறக்குறைய 1,200 டிகிரி வரை சென்று இப்படி முழுதும் இறுகியதே விட்ரிஃபைட். அதைவிடக் குறைந்த உஷ்ணத்தில், துவாரங்கள் மிஞ்சியிருக்கும்படி வெந்ததே சுவருக்கான சாதாரணச் செராமிக் டைல்.

சர்வதேசத் தரவிதி இந்தத் தாகத்தைக் கொண்டே ஓடுகளை வகுக்கிறது. தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்காதது ஒரு கோடி. 10 சதவீதத்துக்கு மேல் குடிப்பது மறுகோடி. தரைக்கான செராமிக் வகைகள் பெரும்பாலும் நடுவில் நிற்கின்றன. டைலைக் கவிழ்த்து அதன் முதுகில் சிறிது தண்ணீரை விட்டுப் பாருங்கள். சுவர் டைல் அதைச் சில விநாடிகளில் இழுத்துக்கொள்ளும்; விட்ரிஃபைட்டின்மேல் துளி துளியாகவே நிற்கும். கடைக்காரர் சொல்லும் பெயர்களைவிட இந்தப் பரீக்ஷை நம்பத்தக்கது என்பது என் அபிப்பிராயம். அப்பெயர்களையும் அறிந்துகொள்வது நல்லதுதான்: ‘ஜி.வி.டி.’ என்பது விட்ரிஃபைட் உடலின்மேல் மெருகும் சித்திரமும் பூசியது. ‘டபுள் சார்ஜ்’ என்பதில் மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு நிறமண்ணே அழுத்தப்பட்டிருப்பதால் ஜனநடமாட்டம் மிகுந்த இடத்துக்கு உகந்தது. ‘ஃபுல் பாடி’யில் அடிவரை ஒரே நிறம் ஓடுகிறது. வாங்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாயிருப்பது அவசியம். வேறு நாளில் வெந்த ஓடு நிறத்தில் சிறிதேனும் மாறும்.

பதிக்கும் முறையிலோ நம் ஊர்களில் ஒரு பெரிய மாறுதல் இன்னும் பூரணமாக உணரப்படவில்லை. முன்பெல்லாம் கொத்தனார் டைல்களைத் தொட்டியில் ஊறவைத்து எடுத்து, ரசமட்டம் பிடித்துச் சமன்செய்த கலவையின்மேல் சிமெண்ட் பாலை ஊற்றிப் பதித்தார். உலர்ந்த ஓடு சிமெண்டின் ஈரத்தைப் பறித்துவிடாதிருக்கவே அந்த ஊறல். ஓட்டின் நுண்துவாரங்களுக்குள் சிமெண்ட் புகுந்து வேரூன்றியதே அந்தப் பிடிப்பு. செராமிக்குக்கு அது மிகப் பொருத்தமான முறை. அதை அறிந்து செய்த கைகளை நாம் மதிக்கவேண்டும். ஆனால் நீரே நுழையாத விட்ரிஃபைட்டுக்கும் அதே சிமெண்ட் பாலை ஊற்றினால், வேர்விட இடமில்லாமல் அது முதுகைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. சில ஆண்டுகளில் தட்டிப் பார்த்தால் ‘டொக் டொக்’கென்று வெற்றொலி எழும்புகிறது. இதற்காகவே பாலிமர் கலந்த பசைகள் வந்தன. ஐரோப்பியத் தரவிதிப்படி சாதாரண வகைப் பசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுப்பையும், மேம்பட்ட வகை 1 நியூட்டன் இழுப்பையும், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்துக் கிலோவையும், தாங்கவேண்டும்.

பசையை வாங்கியதாலேயே காரியம் முடிந்துவிடாது. சூளை உருளைகளில் ஒட்டாதிருக்கத் தொழிற்சாலையில் பூசிய வெண்பொடி டைலின் முதுகில் இருக்கும்; முதலில் அதை ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பசையை நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அமுக்குவது வேகமான வழி, ஆனால் கேடான வழி. உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் தங்கி, கனமான பாத்திரம் விழுந்த மாத்திரத்தில் அங்கேதான் உடையும். பல்வைத்த கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்துப் பதித்தால் காற்று வெளியேறி முதுகு முழுவதும் படியும். நீண்ட டைல்கள் சூளையில் மிக நுட்பமாக வளைந்தே வருகின்றன. ஒன்றின் மேடான நடுவுக்குப் பக்கத்தில் மற்றொன்றின் தாழ்ந்த ஓரம் வரும்படி செங்கல் வரிசைபோல் பாதிக்குப் பாதி மாற்றி அமைத்தால் விளிம்பு காலில் இடறும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிவைப்பதே முறை.

இடைவெளியே இல்லாமல் ஒட்டச்சொல்லி வற்புறுத்துகிறவர்கள் பலர். அழகு கருதியே அப்படிக் கேட்கிறார்கள் என்பது தெரிந்தாலும், இதில் இணங்கிப்போவது டைல் ஒட்டுகிறவருக்குத் தகாது. அளவில் நேரும் சிறு வித்தியாசங்களை, ஸ்பேசர் என்னும் சிறு துண்டை நடுவே வைத்து விடும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான் ஏற்றுக்கொள்கிறது. அதில் நிரப்பும் சிமெண்ட் கிரவுட் நீரைத் தடுத்துவிடும் என்று நம்புவதும் தவறு. குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு டைலுக்கு அடியிலேயே முடிந்திருக்கவேண்டும், தரையின் வாட்டமும் வடிகாலை நோக்கி இருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம்விட அதிகமாக மறக்கப்படுவது சுவரோரம். புதிய கான்கிரீட் தளம் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்குகிறது. வெந்து முடிந்த டைலோ சுருங்குவதில்லை. கோடை வெயிலில் அது சற்று விரியவும் செய்கிறது. நான்கு சுவர்களிலும் இறுக முட்டிக்கொண்டு நிற்கும் டைல் தரை போக இடமின்றி, ஒருநாள் திடீரென்று வெடியோசையுடன் நடுவரிசை கூடாரமாக எழும்புவதற்கு இதுவே முக்கியமான காரணம். சுவருக்கும் கடைசி டைலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் விட்டு, அதற்குள் கலவையோ கிரவுட்டோ விழாதபடி காத்து, கூடம் பெரிதானால் நடுவிலும் சிலிகான் போன்ற நெகிழும் பொருளால் ஒரு கோடு விட்டுவைத்தால் போதும். ஓரத்து இடைவெளியைச் சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஸ்கர்ட்டிங்கைத் தரையோடு கிரவுட் வைத்துப் பிணைத்துவிடக் கூடாது.