ஒரு தட்டில் இரு தொகுப்புகள்

பழைய ராக் இசைத்தட்டுகள் இரண்டிரண்டாக ஒரே குறுந்தட்டில் மறுபடியும் வெளிவந்தமைக்குக் காரணம் எளிய கணக்கே. நெடுநேர இசைத்தட்டு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பாடும். பல தட்டுகள் அவ்வளவுகூடப் பாடுவதில்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டோ 74 நிமிடம் கொள்ளும். பாதியை வெறுமையாக விட்டு முழுவிலை கேட்பதினும் இரண்டைச் சேர்த்தளிப்பது நேர்மையான வாணிகம் அன்றோ?

1990-இல் அமெரிக்காவின் கேபிடல் நிறுவனத்தார் பீச் பாய்ஸ் குழுவினரின் தொகுப்புகளை இவ்வாறே வெளியிட்டனர். 1967-ஆம் ஆண்டின் 'ஸ்மைலி ஸ்மைல்', 'வைல்ட் ஹனி' என்னும் இரண்டும் சேர்ந்தும் ஒரு மணி நேரத்தை எட்டவில்லை. எஞ்சிய இடத்தில், 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடல் உருவாகி வந்தபோது பதிவான துண்டுகள் முதலியன இடம்பெற்றன. ரசிகருக்கு அது புதையலே.

ஆயினும் மனக்குறையும் எழுந்தது. அதனை வெறும் பழமைப்பற்று என்று தள்ளுதல் தகாது. முன்னது மெல்லிய, விந்தையான முணுமுணுப்பு; பின்னது கறுப்பினத்தாரின் சோல் இசையைத் தழுவிய உரத்த பாட்டு. முன்பெல்லாம் ஒன்று முடிந்தால் எழுந்து சென்று தட்டை மாற்றவேண்டும். அவ்விடைவேளையிலேதான் கேட்டது மனத்தில் படியும். குறுந்தட்டிலோ சில விநாடிகளில் அடுத்தது வந்து மோதுகிறது. 12 அங்குல அட்டைப்படம் 5 அங்குலத்துக்கும் கீழாகச் சுருங்கியது வேறு!

இதற்காகத் தட்டை ஒதுக்க வேண்டுவதில்லை. 'ஸ்மைலி ஸ்மைல்' தொகுப்பில் உள்ளவை 11 பாடல்கள். பதினொன்றாவது முடிந்ததும் கருவியை நிறுத்திவிட்டு, மற்றதை நாளைக்குக் கேட்கலாம்.