பிளக் வெளுத்தால் பிஸ்டனுக்கு ஆபத்து!

கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகவும், மாட்டுக்குப் புல்கட்டு ஏற்றி வரவும், உரமூட்டையை வயலுக்கு எடுத்துச் செல்லவும் சிறு விவசாயிக்குக் கை கொடுப்பது மொபெட் வண்டி. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது முதல் கிராமங்களில் இதன் புழக்கம் பெருகியது. இன்று விற்பனைக்கு வரும் புதிய மொபெட்டுகள் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. ஆயினும், பெட்ரோலுடன் 2-டி ஆயில் கலந்து ஊற்றும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்கானது.

பழைய மொபெட்டில் பெருஞ்செலவு வைக்கும் கோளாறு, ஓடும்போதே பிஸ்டன் போருக்குள் பிடித்துக்கொள்வதாகும். அதன்பின் போர் தேய்த்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போடவேண்டி வரும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களில் பாலும் காய்கறியும் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆயில் குறைவே இதற்குக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுவதும் அதே அளவுக்குக் கேடு செய்யும்.

கேடு எப்படி நேருகிறது?

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. காற்று இதற்கு மேல் மிகுந்தால் சூடு ஏறும், இழுவை குறையும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வேறொரு தீங்கும் உண்டு. பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஒருபுறம் சூடு, மறுபுறம் வறட்சி. இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் தாங்காது.

எஞ்சின் தரும் எச்சரிக்கை

பழைய மொபெட்டில் எச்சரிக்கை விளக்கு கிடையாது. எஞ்சினே அறிகுறி காட்டும். ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி பாயாமல் தயங்கும். கார்புரேட்டர் வழியாக ‘டப், டப்’ என்று எதிர்வெடி கேட்கும். ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் ஓட்டம் உடனே இறங்காது. மூட்டை ஏற்றி மேட்டில் போகும்போது சூடு மிகுந்து வேகம் குறையும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டி தயங்கும்போது சோக்கைப் பாதியளவு போட்டுப் பார்க்கவேண்டும். சோக் போட்டதும் இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். சோக் போட்டதும் இன்னும் மோசமானால் கோளாறு வேறிடத்தில் உள்ளது.

அடுத்து பிளக்கைப் பார்க்கவேண்டும். ஆளில்லாத சமமான சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, வேகம் குறையுமுன் எஞ்சினை அணைத்து, வண்டி நின்றதும் பிளக்கைக் கழற்றவேண்டும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் காற்று மிகுதி. வண்டிக்கு உரிய எண்ணுள்ள பிளக் போட்டிருந்தால்தான் இச்சோதனையை நம்பலாம்.

முதலில் பெட்ரோல் வரும் வழி

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கவேண்டும். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. சேறும் தூசியும் அதை அடைத்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் வண்டி சரியாக ஓடினால் குற்றம் அந்தத் துளையில்தான்.

பின்னர், எஞ்சின் ஆறியதும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்து, டேப்பைத் திறந்து பார்க்கவேண்டும். பெட்ரோல் விடாமல் ஒழுகவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பிலுள்ள சல்லடையில் துருவோ தூசியோ அடைத்திருக்கிறது. இவ்வேலையின்போது அருகில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கலாகாது.

பெட்ரோல் நன்றாக வந்தால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வண்டலை நீக்கி, மெயின் ஜெட்டைப் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி ஜெட் வீணாகும்.

அடுத்து காற்று புகும் வழி

கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் நட்டு தளர்ந்தாலும், பேக்கிங் கிழிந்தாலும், ரப்பர் குழாய் வெடித்தாலும் திருட்டுக் காற்று புகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இணைப்பில் சோப்பு நுரையைத் தடவவேண்டும். நுரை உள்ளே இழுக்கப்பட்டாலோ எஞ்சின் சத்தம் மாறினாலோ அங்கே ஓட்டை உண்டு. சோதனைக்குப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தெளித்தால் சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும்.

வேகம் கூடும் என்று சிலர் ஏர் பில்டரைக் கழற்றிவிடுகிறார்கள். இதனால் காற்று மிகுவதோடு வயல்வெளித் தூசியும் உள்ளே போய் ரிங்குகளைத் தேய்க்கும்.

இணைப்புகள் சரியாக இருந்தும், ஸ்க்ரூவைத் திருகினாலும் எஞ்சின் ஓட்டம் இறங்காமல் நின்றால், மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுக

வண்டி தயங்கினால் உடனே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது பலருக்கும் வழக்கம். சில கார்புரேட்டர்களில் அது காற்றைக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் பெட்ரோலை. எது எனத் தெரியாமல் திருகினால் காற்று இன்னும் மிகும். திருகத்தான் வேண்டுமானால், மெல்ல உட்புறம் திருகி அடி தட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளவேண்டும். தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும்.

ஆயிலும் எதனாலும்

பாதுகாப்புக்காக ஆயிலைக் கூட்டி ஊற்றுவதும் தவறு. ஆயில் கூடினால், ஜெட் வழியாக அதே அளவு திரவத்தில் போகும் பெட்ரோல் குறைகிறது. காற்று மிகுதியை நீக்க ஆயிலைக் கூட்டுவது எதிர்விளைவையே தரும். வண்டிக் கையேட்டில் கண்ட அளவே சரி. 50-க்கு 1 என்று இருந்தால் 1 லிட்டருக்கு 20 மில்லி. கண் அளவில் ஊற்றாமல் அளவு மூடியால் ஊற்றவேண்டும்.

பெட்ரோலில் கலக்கும் எதனால் 2022-ல் 10 சதவீதமாகவும் 2025-ல் 20 சதவீதமாகவும் உயர்ந்தது. எதனால் எரிய அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்றே போதும். பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட் இப்போதும் அதே அளவையே விடுவதால் காற்று சற்று மிகையாகிறது. மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் பிளக் வெளுத்தே இருந்தால், கார்புரேட்டர் ஊசியை ஒரு படி உயர்த்தும்படியோ, ஒரு எண் பெரிய ஜெட் போடும்படியோ மெக்கானிக்கிடம் சொல்லலாம். எதனால் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும்; ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை குழாயைச் சோதிப்பது நலம். எதனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் மிகுந்தால் எதனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிநீரில் ஆயில் இராது. ஆகவே ஆயில் கலந்த பெட்ரோலைக் கேனில் நாட்கணக்கில் வைக்கலாகாது. மழையில் டேங்க் மூடியைத் திறக்கவும் கூடாது.

வழியில் பிடித்தால்

மேட்டில் ஏறும்போது எஞ்சின் இறுகுவதுபோல் தோன்றினால் உடனே ஆக்சிலேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்தி அணைக்கவேண்டும். தண்ணீர் ஊற்றினால் சூடான சிலிண்டர் விரிசல் விடும். அரை மணி நேரம் தானாக ஆறவிட்டு, மூட்டையை இறக்கி, மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். காரணத்தைக் கண்டு நீக்காமல் மறுபடி சுமை ஏற்றலாகாது.

பிளக்கைக் கழற்ற ஒரு பிளக் ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பார்த்து வந்தால் கோளாறு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பிஸ்டனுக்குச் செலவழிக்கும் பணமும் மிஞ்சும்.