அடுத்தவன் காசு

சூதும் கணக்கும் – 11

லண்டனில் இருபது வருடமாக இருக்கும் என் பெரியம்மாவின் மகன், தைப்பூசத்துக்கு மஞ்சம் பார்க்க இணுவிலுக்கு வந்திருந்தார். இரவு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"லொத்தரை விடு தம்பி. பப்பிலை நிக்கிற பழ மெசினைப் பற்றி எழுது. நான் அதுக்குள்ளை போட்ட காசுக்கு இஞ்சை ஒரு கிணறு வெட்டியிருக்கலாம்."

"ஏன் அண்ணை போட்டீங்கள்?"

"எனக்கு முன்னாலை ஒருத்தன் ஒரு மணித்தியாலமாய்ப் போட்டுப் போட்டுத் தோத்திட்டுப் போவான். மெசின் நிரம்பிட்டுது, இனிக் கக்கும் எண்டு நான் போய் நிப்பன்."

அண்ணை சொன்னது முழுப் பிழை என்றே முதலில் நினைத்தேன். நாணயத்துக்கு ஞாபகம் இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு படிப்பித்தார்கள். ஐந்து தரம் பூ விழுந்தாலும் ஆறாவது தரம் பூவுக்கும் தலைக்கும் ஒரே வாய்ப்புத்தான். பிறகு தேடிப் படித்தபோது வேறொன்று விளங்கியது. பிரித்தானியப் பப்களில் நின்ற பழ மெசின்கள் பலவற்றுக்கு ஞாபகம் உண்டு. அண்ணை அதில் சரி. அவர் பிழைவிட்ட இடம் வேறு.

மெசினின் பூர்வீகம் அமெரிக்கா. சான் பிரான்சிஸ்கோவில் சார்ள்ஸ் ஃபே என்பவர் 1890களின் பிற்பகுதியில் செய்த 'லிபர்ட்டி பெல்' என்ற பெட்டியில் மூன்று உருளைகள், உருளைக்குப் பத்துப் படங்கள். பத்தைப் பத்தால் பெருக்கி மறுபடி பத்தால் பெருக்கினால் ஆயிரம் சேர்க்கைகள். மூன்று மணியும் ஒரே வரிசையில் நின்றால் 50 சதம் பரிசு. கணக்கு அவ்வளவுதான். பிறகு 1910 அளவில், சூதாட்டச் சட்டத்துக்குத் தப்ப, பழச் சுவையுள்ள சூயிங்கம் கொடுக்கும் பெட்டிகளாக வேடம் போட்டார்கள். செரியும் பிளம்மும் தேசிக்காயும் அப்போது ஒட்டிக்கொண்டவை. உருளையில் இன்றும் வரும் 'பார்' என்ற கட்டை, அந்தச் சூயிங்கம் கம்பனியின் சின்னத்தில் இருந்து வந்தது.

இந்த இரும்புப் பெட்டிக்குள் கணினிச் சிப் குடிவந்ததோடு கதை மாறியது. 1980களிலும் 90களிலும் பிரித்தானியப் பப்களை நிறைத்த மெசின்களில் உருளை எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது நிரல். அந்த நிரலுக்கு ஓர் இலக்கு உண்டு. 78 வீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன ஒவ்வொரு 100 பவுணிலும் 78 பவுண் வெளியே வரவேண்டும். மெசின் தன் வரவு செலவை எழுதிக்கொண்டே இருக்கும். அதிகம் கொடுத்துவிட்டால் கையை இறுக்கும், அதிகம் வாங்கிவிட்டால் இளக்கும்.

இப்படி ஞாபகம் வைத்திருக்கும் மெசினைப் படித்து வைத்தவர்கள் இருந்தார்கள். இதையே தொழிலாகச் செய்தவர்கள். ஒரு மாடலின் நிரல் எந்த நிலையில் தாராளமாகும், எந்தப் பரிசை மறுத்துவிட்டு ஆடினால் பெரிய பரிசுக்குத் தள்ளப்படும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். மூலையில் ஒரு பியரோடு நின்று மற்றவர்கள் போடுவதைப் பார்த்திருப்பார்கள். தருணம் வந்ததும் போய் எடுப்பார்கள். நிரலில் வழு இருந்தால் இன்னும் விசேஷம். குறிப்பிட்ட ஒழுங்கில் பொத்தான்களை அழுத்தினால் மெசின் வெறுமையாகும் வரை கொட்டிய மாடல்களும் இருந்தன.

அந்தக் காசு யாருடையது? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு மெசினுக்குள் இதுவரை 10,000 பவுண் போயிருக்கிறது, 78 வீதப்படி 7,800 கொடுத்திருக்கிறது. ஒருவர் வந்து, நிரலின் பலவீனத்தைப் பிடித்து, மேலதிகமாக 200 பவுண் எடுத்துப்போகிறார். கொடுத்தது 8,000 ஆகிவிட்டது. மெசின் மறுபடி 78 வீதத்துக்கு வர, உள்ளே போனது ஏறத்தாழ 10,256 ஆக வேண்டும். அதாவது அடுத்து வருபவர்கள் போடும் 256 பவுணில் ஒரு பென்ஸ்கூடத் திரும்பாமல் இருந்தால்தான் கணக்கு நேராகும். மெசின் அதை ஒரே மூச்சில் செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல பேரிடம் அறவிடும்.

வழு அந்த 200ஐ மெசினின் கணக்கில் பதியாமலே விட்டிருந்தால் நட்டம் உரிமையாளருக்கு. பதிந்திருந்தால் பின்னால் வருபவனுக்கு. சீட்டில் முதற் கழிவுக்கு எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடினால், மிச்ச ஆட்கள் கட்டி முடிப்பதைப் போலத்தான். ஆனால் சீட்டில் ஓடியவரின் பெயராவது தெரியும்.

அண்ணையின் பிழை இங்கேதான். அவர் பார்த்தது ஒரு மணித்தியாலம். மெசினின் ஞாபகம் அதைவிட நீளம். முன்னால் நின்றவன் அறுபது பவுண் தோற்றதை அண்ணை கண்டார். அதற்கு முன், மத்தியானம், ஒருவன் இருநூறு பவுணை வழித்தெடுத்துப் போனதை அவர் எப்படிக் காண்பார்? நிரம்பிய மெசின் என்று அவர் போய் நின்றது, கடன்பட்ட மெசினின் முன்னால்.

மெசினைச் செய்தவர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் கம்பெல் என்ற பத்திரிகையாளர் இந்த மெசின்களின் ஏமாற்றுக்கு எதிராக 'ஃபெயார் பிளே' என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தினார். மெசின் சிப்பிலுள்ள நிரலைச் சாதாரணக் கணினியில் ஓடவிடும் எமுலேட்டர் அப்போது வந்திருந்தது. அதில் ஆட்டத்தின் எந்தக் கணத்தையும் அப்படியே சேமித்து, வேண்டியபோது அந்தக் கணத்துக்குத் திரும்பலாம். வென்ற காசை இரட்டிப்பாக்க 'அடுத்த இலக்கம் கூடுமா, குறையுமா' என்று மெசின் கேட்கும். 2 நிற்கிறது என்றால் எவரும் 'கூடும்' என்றே அழுத்துவர். 1 வருகிறது. அதே கணத்துக்குத் திரும்பிக் 'குறையும்' என்று அழுத்தினால் 10 வருகிறது. எதை அழுத்தினாலும் தோல்வி. மெசின் முதலே முடிவெடுத்துவிட்டு, பிறகுதான் கேள்வி கேட்டது. இது வழுவில்லை, அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பின்னாளில் வந்த மெசின்களில், வெல்லவே வாய்ப்பில்லாத தெரிவும் சிலவேளை தரப்படலாம் என்ற அறிவித்தல் ஏறியது. பியரோடு நிற்பவர் அதை வாசிப்பாரா என்பது வேறு கதை.

லாஸ் வேகஸ் போன்ற இடங்களில் உள்ளவை வேறு இனம். அவற்றுக்கு முன்னைய ஆட்டங்களின் ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு சுற்றும் எழுமாற்று எண்ணால் தீர்மானமாகிறது. ஆனால் கணினியால் உண்மையான எழுமாற்றை உண்டாக்குவது கஷ்டம். ஓர் எண்ணிலிருந்து சூத்திரம் போட்டு அடுத்த எண்ணைக் கணிக்கிறது, அவ்வளவே. எங்கள் ஊரில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். இணுவிலில் பிறந்த தெட்சணாமூர்த்தி போன்ற ஒரு மேதை தனியாவர்த்தனத்தில் நீண்ட கணக்கொன்றை வாசிக்கும்போது, கேட்பவருக்குத் தாளம் தொலைந்ததுபோல இருக்கும். விரலில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் அது எங்கே வந்து விழும் என்று தெரியும். மெசினின் எண்களும் மிக நீண்ட ஓர் ஆவர்த்தனம். சூத்திரமும் எடுப்பும், அதாவது தொடங்கும் எண்ணும், தெரிந்தவனுக்கு மிச்சமெல்லாம் தெரியும்.

2009இல் ரஷ்யா சூதாட்ட விடுதிகளை ஏறத்தாழ முழுவதுமாகத் தடைசெய்தது. விலைப்பட்ட பழைய மெசின்கள் கணிதம் தெரிந்தவர்களின் கையில் அகப்பட்டன. 2014 ஜூனில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஒரு ரஷ்யர் பழைய 'அரிஸ்டோகிராட்' மெசின்களின் முன்னால் கைபேசியோடு நின்றார். இருபது சொச்சம் சுற்றுகளைப் படமெடுத்து சென் பீட்டர்ஸ்பேர்க்குக்கு அனுப்பினார். அங்கே கணக்குப் போட்டு, எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கணத்துக்குக் கால் செக்கன் முன்னால் அவருடைய கைபேசி அதிரும். இரண்டு நாளில் எடுத்தது ஏறத்தாழ 21,000 டொலர்.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. நெவாடா மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபையில் மெசின் சிப்களைச் சோதிப்பதே ரொன் ஹரிஸின் வேலை. காசுகளைக் குறிப்பிட்ட ஒழுங்கில் போட்டால் பரிசு விழும்படி அவர் நிரலை மாற்றினார். 1995 ஜனவரியில் அட்லாண்டிக் சிற்றியில் 'கீனோ' என்ற லொத்தர் போன்ற ஆட்டத்தின் எண்களை முற்கூட்டியே கணித்து, கூட்டாளியை அனுப்பி 100,000 டொலர் வென்றபோது பிடிபட்டார். சிறை சென்றார்.

ஜோன் கேன் என்பவரோ எதையும் மாற்றவில்லை. 'கேம் கிங்' என்ற வீடியோ போக்கர் மெசினில், குறைந்த தொகைக்கு ஆடி வென்றபின், வேறு ஆட்டத்துக்குப் போய், பந்தயத் தொகையை உயர்த்தி, பழைய ஆட்டத்துக்குத் திரும்பினால், பழைய வெற்றிக்குப் புதிய விலைப்படி பணம் கிடைக்கும் என்பதை 2009இல் கண்டுபிடித்தார். அந்த வழு சுமார் ஏழு வருடமாக ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது. ஜூலை 3ஆம் திகதி கைதானார். மெசினில் இருந்த பொத்தான்களைத்தான் அழுத்தினேன் என்பதே அவர் தரப்பு வாதம். கணினி மோசடிக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. மிச்சத்தை 2013இல் அரசதரப்பே கைவிட்டது.

அதன் பிறகு, வழுவைப் பிடித்துக் காசெடுக்கும் அந்த வாசலும் ஒடுங்கிவிட்டது. இப்போது பழங்கள் உருளுவது கைபேசியில். யாழ்ப்பாணத்தில் சூதாட்ட விடுதி கிடையாது, ஆனால் இணுவிலில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையின் கையில் மெசின் இருக்கிறது. நிரல் கடல் கடந்த ஏதோவொரு சேர்வரில். கழற்றிப் பார்க்கச் சிப் இல்லை, சேமித்துத் திரும்பக் கணம் இல்லை. வழு இருந்தால் கம்பனி ஒரே இரவில் அடைத்துவிடும்.

வீட்டில் ஒருவர் இதை ஆடுவது தெரிந்தால், "அதிர்ஷ்டத்தை நம்பாதே" என்று புத்தி சொல்லாதீர்கள். ஒரு கடுதாசி எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 95 வீதம் திருப்பித் தரும் நேர்மையான ஆட்டம் என்றே வைப்போம். ஒரு சுற்றுக்கு 20 ரூபா, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. ஒரு மணித்தியாலத்தில் 12,000 ரூபா உருண்டிருக்கும், அதில் சராசரியாக 600 ரூபா போயிருக்கும். வழு ஒன்றும் வேண்டாம், மெசின் ஒழுங்காக வேலைசெய்தாலே அவ்வளவும் போகும்.

(அடுத்த கிழமை: கழிவுச் சீட்டின் கணக்கு)