வலி மூன்றாம் நாளே போய்விடும், புண் ஆறாது

கருத்தடை அறுவை முடிந்து வீடு திரும்பும் நாய் முதல் நாள் மயக்க மருந்தின் கிறக்கத்தில் சுருண்டு கிடக்கும். மறுநாள் எழுந்து சாப்பிடும். மூன்றாம் நாள் காலிங் பெல் அடித்ததும் சோபாவைத் தாண்டி வாசலுக்குப் பாயும். நாய் தேறிவிட்டது என்று வீடே மகிழ்கிற அந்த நாளில்தான் கால்நடை மருத்துவருக்குக் கவலை தொடங்குகிறது.

மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணி சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். திசுவுக்கு அந்த அவசரம் கிடையாது. முதல் சில நாள்கள் வெள்ளையணுக்கள் புண்ணைச் சுத்தம் செய்வதிலேயே கழிகின்றன. அதன் பிறகே கொலாஜன் இழைகள் உருவாகிப் பிளவை இணைக்கின்றன. மூன்று வாரம் ஆன பிறகும் வெட்டுப்பட்ட தோலுக்கு அதன் பழைய வலிமையில் ஏறத்தாழ 20 சதவீதமே திரும்பியிருக்கும். மூன்று மாதம் கழித்து அது 80 சதவீதத்தை எட்டலாம். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் தையல் நூல்தான். அந்த நேரத்தில் குதித்தால் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். உள்தையல் விட்டுப்போனால் குடல் பிதுங்கும் அபாயமும் உண்டு.

நாய்க் கருத்தடை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே அதைத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1996-ல் கையிலெடுத்தது. தெருநாயை அறுவைக்குப் பின் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அந்தந்த மையத்தின் பொறுப்பு. வீட்டு நாய்க்கு அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டாரின் தலையில்.

திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகர் போன்ற ஊரில் அது லேசான வேலையில்லை. மேல்நல்லாத்தூருக்கும் காக்களூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வாழும் பகுதி இது. ஒருவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் வீடு திரும்பினால், நாய்க்கு இரண்டுமே துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். மொட்டை மாடிப் படி, வழுக்கும் டைல்ஸ் தரை, கேட்டுக்கு வெளியே குரைக்கும் தெருநாய்கள் என்று தையலுக்குப் பகை ஏராளம். வளர்ப்பது சிப்பிப்பாறையாகவோ கன்னியாகவோ இருந்தால் இன்னும் சிரமம். முயல் விரட்டுவதற்கென்றே தென்மாவட்டங்களில் வளர்க்கப்பட்ட இனங்கள் அவை. ஜன்னலுக்கு வெளியே அணில் ஓடினாலே போதும். அதனால் ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைப்பதும், தரையில் சாக்கு விரிப்பதும், படிக்கட்டுக்குத் தடுப்பு வைப்பதும் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எலும்பு, மூட்டு அறுவை செய்துகொண்ட 36 நாய்களுக்கு டிராசோடோன் என்ற மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் நன்றாக அடங்கியிருந்ததாக உரிமையாளர்களில் 10-க்கு 9 பேர் சொன்னார்கள். ஆய்வு 2014-ல் வெளியானது. அதே குழு அடுத்து ஒரு பாதி நாய்களுக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டது. 2017-ல் வந்த அதன் முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! மருந்தே வீண் என்று இதற்குப் பொருளில்லை. மிகவும் பதற்றப்படும் நாய்க்கு மருத்துவர் அதை எழுதித் தருவதுண்டு. ஆனால் மாத்திரையை மட்டும் நம்பி வீட்டை அப்படியே விட்டுவிட முடியாது.

கால்களைக் கட்டிப்போட்டாலும் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். 2019-ல் டுராண்டன், ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்து உணவு தேடும் பயிற்சியும், வேறு சிலவற்றுக்கு உரிமையாளரை ஒட்டி நடக்கும் பயிற்சியும் தந்தார்கள். உணவு இருக்குமா இராதா என்று தெரியாத கிண்ணத்தைப் பிறகு வைத்தபோது, மோப்ப நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. அவற்றின் மனநிலை நம்பிக்கையின் பக்கம் சாய்ந்திருந்ததாக ஆய்வாளர்கள் கருதினர். வீட்டில் இதற்குச் செலவே இல்லை. எலும்பு நீக்கி, வெங்காயமோ மசாலாவோ சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டுகளைப் பழைய துண்டின் மடிப்புகளுக்குள் ஒளித்து, பக்கத்தில் உட்கார்ந்து தேடவிட வேண்டும். அன்றாடச் சாப்பாட்டிலிருந்தே அந்தத் துண்டுகளை எடுப்பது நல்லது. ஓட்டமில்லாத நாய் சீக்கிரம் எடை போடும்.

பாட்டும் கைகொடுக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பக நாய்களின் இதயத் துடிப்பு மென்மையான ராக், ரெகே இசைக்குப் பதற்றம் தணிந்ததைக் காட்டியது. ஒரே வகை இசை நாய்க்குச் சீக்கிரம் பழகிப்போகும் என்பதால் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

அடைத்து வைக்கும் அறை குளுமையாக இருப்பது அவசியம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அது முடியாது. கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றினால் நாய் சில நிமிடத்திலேயே தையலைக் கடித்துப் பிரித்துவிடும். வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். வீக்கம், கசிவு, துர்நாற்றம், வெளுத்த ஈறு, ஓயாத வாந்தி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கருத்தடைத் தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து எலும்பை வெட்டித் தகடு பொருத்திய நாய்க்குக் கணக்கு வேறு. சுமார் எட்டாவது வாரம் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியதைப் பார்த்த பிறகே ஓட்டத்துக்கு அனுமதி. இரண்டு வகையிலும் அதுவரை வெளியே போவது கயிற்றோடுதான், சிறுநீர் கழிக்கும் நேரம் மட்டும். அனுமதி கிடைத்ததும் நேரே மொட்டை மாடிக்கு அவிழ்த்துவிடக் கூடாது. முதலில் பத்து நிமிட நடை, சில நாளில் பதினைந்து, பிறகு இருபது; படிக்கட்டு கடைசியில்.