குண்டுகளின் மேல் ஓர் இருக்கை

வெளியிலிருந்து பார்த்தால் டாங்கி ஓர் இரும்புக் கோட்டை. உள்ளே இருப்பவர்களுக்கோ வெடிமருந்துக் கிடங்கு. சென்னையை அடுத்த ஆவடியில் தயாரான அஜேயா என்ற டி-72 டாங்கியில் மூன்று பேர். கமாண்டரும் பீரங்கி வீரரும் அமரும் இடத்துக்குக் கீழே வட்டத் தட்டில் 22 குண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். பின்னர் வந்த டி-90-லும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

குண்டை இயந்திரமே பீரங்கியில் ஏற்றுவதால் நான்காவது ஆள் தேவையில்லை. டாங்கியும் சிறிதாக, எடை குறைவாக அமைகிறது. ஆனால் கவசத்தைத் துளைக்கும் தாக்குதல் அந்தத் தட்டை எட்டிவிட்டால், உந்துமருந்து பற்றிக்கொள்ளும், மேற்கூண்டே பிய்த்தெறியப்படும். 1991 வளைகுடாப் போரில் தெரிந்த இந்த அபாயத்தை, 2022 முதல் உக்ரைன் போர்க்களம் உலகுக்கே காட்டியது. அங்கே டிரோன்கள் குறிவைப்பது கவசம் மெலிந்த கூரையை.

பயிற்சியிலும் ஆபத்து உண்டு. 2022 அக்டோபரில் ஜான்சி அருகே பபினாவில் டி-90 டாங்கியின் பீரங்கிக் குழாய் வெடித்து இரு வீரர்கள் இறந்தனர்.

மாற்று வழியும் ஆவடியிலேயே இருக்கிறது. அங்கு வடிவமைக்கப்பட்ட அர்ஜுனில் குண்டுகள் தனி அறைகளில் இருக்கும். வெடித்தால் அழுத்தம் மேல்புறமாக வெளியேறும். அதற்கான விலை எடை: டி-72 சுமார் 41 டன், அர்ஜுன் 58 டன்னுக்கு மேல். டி-72-க்கு மாற்றாகப் புதிய டாங்கி வாங்க 2024-ல் பாதுகாப்புத் துறை ஒப்புதல் தந்தது. அதில் எத்தனை டன்னைக் குறைத்தாலும், வீரருக்கும் குண்டுக்கும் நடுவே உள்ள சுவரைக் குறைக்கக் கூடாது.